எழுபது இடங்களுக்குள் ஒரு கடை

நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கொடியேற்றத்துக்குச் சில வாரங்கள் முன்பதாகவே, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள் முதல் நெல்லியடி உடுப்புக்கடைகள், சுன்னாகம், சாவகச்சேரிச் சந்தைகளை அண்டிய சிறு வியாபாரங்கள் ஈறாகக் குடாநாட்டு வர்த்தகர் பலர் மனத்திலும் ஒரே கேள்வி எழுந்துவிடுகிறது: இருபத்தைந்து நாள் நடைபெறும் அம்மகோற்சவ காலத்தில் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து குவியும் சனத்துக்குத் தம் கடையை நினைவூட்ட எவ்வளவு பணத்தை எந்த வழியிற் செலவிடுவது? முன்னாளில் இதற்கு விடை காண்பதிற் சிரமம் இருக்கவில்லை. பத்திரிகைக்குள் மடித்து வைத்து விநியோகிக்கப்படும் துண்டுப்பிரசுரம், ஓட்டோவிற் கட்டிய ஒலிபெருக்கி, சந்தி மதிலில் ஒட்டிய சுவரொட்டி என்பவற்றுள் ஒன்றை முதலாளி தம் கைக்கு அடக்கமானபடி தெரிந்துகொள்வார். கடைக்கு வந்தவர் அவற்றுள் எதைக் கண்டு வந்தார் என்று அறிய மார்க்கம் இருந்ததுமில்லை, அறிய வேண்டும் என்று எவரும் விரும்பியதுமில்லை. இன்று அந்த இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டதோடு, வழிகளும் பெருகி, ஒவ்வொரு வழிக்கும் ஒரு தரகரும் தோன்றிவிட்டமையால், தெரிவு கடினமாகிவிட்டது.

கைத்தொலைபேசி இம்மண்ணுக்கு வந்த வரலாறு பிற இடங்களின் வரலாறு போன்றதன்று. இலங்கையில் 1989ஆம் ஆண்டிலேயே தொடங்கிய இச்சேவை, 1990இன் பின் மின்சாரமே அறுபட்டுக் கிடந்த குடாநாட்டினுள், 2002 பெப்ரவரியிற் கைச்சாத்திடப்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையின் பிறகே நுழைந்தது. நுழைந்த மாத்திரத்தே அது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் சிதறியிருந்த பிள்ளைகளின் குரலைப் பெற்றோர் கேட்கும் கருவியாயிற்று. ஆதலால் இங்குள்ள வீடுகளில் தொலைபேசி ஒலித்தால் அதனை அலட்சியம் செய்யும் வழக்கம் நெடுங்காலம் ஏற்பட்டதில்லை. எந்த இலக்கத்திலிருந்து வந்தாலும் எடுத்துப் பார்ப்பார்கள், எந்தச் செய்தி வந்தாலும் திறந்து வாசிப்பார்கள். அந்த நம்பிக்கையைத்தான் விளம்பரக்காரர் முதன்முதலிற் செலவழித்துத் தீர்த்தனர்.

மலிவு என்பதை நிர்ணயிக்கும் விஷயத்தில் நம் வர்த்தகர் பலர் கொண்டிருக்கும் அபிப்பிராயம், ஒரு செய்தியை அனுப்ப எவ்வளவு செல்கிறது என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அனுப்புவதற்கான விலை வேறு, ஒருவரைக் கடை வாசலுக்கு வரவழைப்பதற்கான விலை வேறு. முன்னையது தரகரின் விலைச்சிட்டையில் உள்ளது. பின்னையதை முதலாளி தாமே கணக்கிட்டால் ஒழிய வேறெவரும் சொல்லமாட்டார்.

குறுஞ்செய்தியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் எல்லாவற்றிலும் பழையதும், சாதாரணக் கைத்தொலைபேசியையும் எட்டுவதும், தமிழில் எழுதுவோருக்கு மறைவான ஒரு வரியை விதிப்பதும் அதுவே. ஒரு குறுஞ்செய்தி சுமக்கக்கூடிய பாரம் 1,120 பிட்டுகள். 1985ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பொன் நகரத்தில் பிரீடெல்ம் ஹில்லெபிராண்ட் என்னும் பொறியியலாளர், தட்டச்சில் மனம்போனபடி வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, ஒரு விஷயத்தைச் சொல்ல 160 எழுத்துகள் போதும் என்னும் முடிவுக்கு வந்தார். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட்டு வீதம் 160 எழுத்துகள் அப்பாரத்துக்குள் அடங்கின. தமிழில் எழுதினாலோ ஒவ்வொரு குறிக்கும் 16 பிட்டு வேண்டியிருத்தலின், அதே பாரத்துள் 70 குறிகளே அடங்கும். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல என்பது அடுத்த சங்கடம். புள்ளிக்கு ஓரிடம், கொம்புக்கு ஓரிடம், காலுக்கு ஓரிடம். யாழ்ப்பாணம் என்னும் சொல் கண்ணுக்கு ஆறெழுத்து. கருவிக்கோ அது பதினொன்று. மங்கலமாகக் கடைப்பெயரின் முன் வைக்கும் ஸ்ரீ என்னும் ஒற்றை வடிவம் நான்கு இடங்களை விழுங்குகிறது.

எழுபதைத் தாண்டிய செய்தி பகுதிகளாகத் துண்டாடப்படும். துண்டுகளை மறுமுனையிற் பொருத்துவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டியிருத்தலின், அப்போது ஒவ்வொரு பகுதியிலும் 67 குறிகளே கொள்ளும். ஆகவே 150 குறிகள் கொண்ட விளம்பரம் ஆங்கிலத்தில் ஒரு செய்தி, தமிழில் மூன்று செய்தி. ஆயிரம் வாடிக்கையாளருக்கு அனுப்பினால் கட்டணம் மூவாயிரத்துக்கு. ஆங்கிலச் செய்தியின் நடுவில் ஒரே ஒரு தமிழெழுத்தைப் புகுத்தினும் முழுச் செய்தியும் எழுபது என்ற அளவுக்குள் வந்துவிடும். விலை கேட்கும்போது அது செய்திக்கா, பகுதிக்கா என்று வினவுவது, பேரம் பேசிச் சில சதங்களைக் குறைப்பதினும் அதிக அனுகூலம் தருவதாகும்.

இச்சங்கடத்துக்குப் பரிகாரமாகப் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறார்கள். கணக்கு அளவில் இது சரியே. ஆயினும் சேலை வாங்கும் தீர்மானம் இளையோர் கையில் மாத்திரம் இல்லை. கரவெட்டியிலோ அளவெட்டியிலோ இருக்கும் அறுபது வயது அம்மா அந்த எழுத்துக் கோவையை வாசிக்க முயன்று கைவிடுவாரானால், மிச்சம்பிடித்த பணத்தாற் பயன் என்ன? தமிழிலேயே சுருக்கி எழுதக் கற்றுக்கொள்வது மேல் என்பதே என் கட்சி. ‘நல்லூர்த் தேர்வரை சேலைகளுக்கு 20% கழிவு. நெல்லியடிக் கடை.’ என்னும் செய்தியை இடைவெளியும் புள்ளியும் உட்பட எண்ணினால் 57 இடங்கள். எஞ்சிய 13 இடங்களுள் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணும் அடங்கிவிடுகிறது. கடைப்பெயர் எங்கே என்று கேட்கலாம். அனுப்புநர் இலக்கத்துக்குப் பதிலாகப் பெயர் தோன்றும்படி செய்யும் வசதி உண்டு. அதற்கு 11 எழுத்துகள் வரை இடமுண்டெனினும், அங்கே தமிழ் எழுத்துக்கு அனுமதியில்லை.

2018இல் எட்டிசலாட் ஹட்ச்சுடனும், 2024இல் எயார்டெல் டயலொக்குடனும் இணைந்துவிட்டமையால், இன்று நாட்டில் எஞ்சியிருப்பவை டயலொக், மொபிட்டெல், ஹட்ச் என்னும் மூன்று கைத்தொலைபேசி நிறுவனங்களே. மூன்றிடமும் குறுஞ்செய்தி விலை கேட்டுப் பார்ப்பது ஒரு காலைப்பொழுது வேலை.

இனி வட்ஸ்அப். சிறு வர்த்தகருக்கென 2018 ஜனவரியில் வெளிவந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் என்னும் செயலிக்குக் கட்டணம் இல்லை. கடையின் பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். நேரம் தவறிக் கேட்பவருக்குத் தானே பதில் அனுப்பும்படி அமைக்கலாம். ஒரு பட்டியலில் 256 பேருக்கு ஒரே தடவையில் செய்தி அனுப்பவும் முடியும். ஆனால் அவ்வாறு அனுப்பியது, உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியிற் சேமித்து வைத்திருப்பவருக்கு மாத்திரமே போய்ச் சேரும். பலர் இதனை ஒரு குறையாகக் கருதி நொந்துகொள்கின்றனர். எனக்கோ இது அச்செயலியின் மிகச்சிறந்த குணமாகத் தோன்றுகிறது. கடையின் இலக்கத்தைத் தம் தொலைபேசியிற் பதிந்துகொள்ளும் அளவுக்கு ஒருவருக்கு அக்கடையில் விருப்பம் உண்டென்றால், அவர் விலைகொடுத்து வாங்கிய பட்டியலிலுள்ள நூறு பேருக்குச் சமானம். பற்றுச்சீட்டை நீட்டும்போதே “அண்ணை, இந்த நம்பரைப் பதிஞ்சு வையுங்கோ, புதுச் சாமான் வந்தால் படம் போடுறன்” என்று காசாளர்ப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. அவ்வாறு பதிந்தவருக்கு நாள்தோறும் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்பி வெறுப்பேற்றும் முதலாளிமாரும் உளர். அவர்களுக்கு மலிவான வழி எதுவும் இல்லை.

முகநூல் விளம்பரத்தின் தன்மை வேறு. அதன் விலை டொலரோடு கட்டுண்டது; 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவைக் கடந்தபோது, விளம்பரம் எள்ளளவும் மாறாதிருக்க அதன் ரூபாச் செலவு மாத்திரம் ஏறிவிட்டதை அக்கால வர்த்தகர் மறந்திருக்கமாட்டார்கள். இங்கு யாருக்குக் காட்ட வேண்டும் என்பதைத் தேசப்படத்தில் ஒரு வட்டம் போட்டு வரையறுக்கலாம். யாழ்ப்பாண நகரை மையமாக வைத்துப் பெரிய வட்டம் இட்டால் அதன் பெரும்பகுதி கடலிலும் கடனீரேரியிலும் விழுகிறது. கடலில் ஆளில்லாமையால் அதனால் நட்டமில்லை. நட்டம் வருவது, வட்டமே இடாமல் ‘தமிழ் பேசுவோர்’ என்று மட்டும் சொல்லிவிடும்போதுதான். அப்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழப் படத்துக்கு ஸ்காபரோவிலிருந்தும் லாசப்பலிலிருந்தும் விருப்பக்குறிகள் மழையாய்ப் பொழியும். அது கடலிற் பெய்த மழை. அக்குறியை இட்டவர் ஊர் நினைவில் இட்டாரேயன்றி, ஒரு பழமும் வாங்கப்போகிறவர் அல்லர்.

இதற்கு நேர்மாறான வியாபாரமும் இங்கே உண்டு. கொக்குவிலில் தனித்திருக்கும் தாயின் பிறந்தநாளுக்கு வெதுப்பகத்திலிருந்து கேக்கை வீட்டு வாசலிற் கொண்டுபோய்க் கொடுப்பிக்க விரும்பும் மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். வெள்ளவத்தையிலோ இலண்டனிலோ இருந்துகொண்டு ஊர் வீட்டுக்குக் கூரை மாற்றுவோரும், பெற்றோருக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுப்போரும் இருக்கிறார்கள். பொருளைப் பெறுபவர் இங்கும் பணம் கொடுப்பவர் அங்குமாயிருக்கும் இவ்வகை வர்த்தகத்துக்கு, வட்டத்தை யாழ்ப்பாணத்தில் இடுவதுதான் வீண்செலவு. ஸ்காபரோவிலும் ஹரோவிலும் இட வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ் மாவட்டத்துச் சனத்தொகை 5,83,882. இச்சிறு தொகைக்குள் மட்டும் வாடிக்கையாளரைத் தேடுபவருக்கும், கடல் கடந்து தேடுபவருக்கும் ஒரே விளம்பரத் திட்டத்தை விற்கும் தரகரிடம் எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

எல்லாவற்றிலும் மலிவானது மிஸ்ட் கோல். எடுக்கப்படாத அழைப்புக்குக் கட்டணமில்லை என்னும் ஒரே காரணத்தால் ஏழைகள் கண்டுபிடித்த இம்முறையைப் பெருநிறுவனங்கள் பின்னர் சுவீகரித்தன. 2013இல் ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் பீகார் மாநிலத்துக் கிராமங்களில் ‘கான் கஜூரா டேசன்’ என்ற பெயரில், தவறிய அழைப்பொன்று விடுத்தவரைத் திரும்ப அழைத்துப் பாட்டும் வேடிக்கையும் கேட்பித்து, நடுவே தன் சரக்கின் விளம்பரத்தையும் புகுத்தியது. நம்மூரில் அவ்வளவு ஆரவாரம் வேண்டியதில்லை. ‘மாம்பழம் பழுத்ததும் அறிய ஒரு மிஸ்ட் கோல் தாருங்கள்’ என்று தோட்டத்துப் படலையில் எழுதிவைத்தால், அழைத்தவரெல்லாம் வாங்கும் விருப்பமுள்ளோர். அவர் இலக்கம் அவர் சம்மதத்துடனே வந்து சேர்கிறது.

சம்மதம் என்பது மரியாதை மாத்திரமன்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரச் செய்தி அனுப்புவதற்கு முன் பெறுபவரின் இணக்கத்தைக் கோருகிறது. வேண்டாமென்று விலகிக்கொள்ளும் வழியைக் கட்டணமின்றி அளிக்கவும் சொல்கிறது. அச்சட்டத்தை முற்றாக அமுல்செய்வது தாமதப்பட்டதென்பது உண்மையே. ஆயினும் பரிசுச் சீட்டிழுப்புப் பெட்டியிற் பாமர சனம் நம்பிக்கையோடு எழுதிப் போட்ட இலக்கங்களை வேறொரு கடைக்கு விற்றுவிடும் பழக்கத்தைக் கைவிடுவதற்குச் சட்டம் முற்றாக நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, ஒருவரைக் கடை வாசலுக்கு வரவழைக்கும் விலை என்று முற்கூறிய கணக்கைப் பார்ப்போம். ஒரு பகுதிக்கு ஒரு ரூபா என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். விலைக்கு வாங்கிய 5,000 இலக்கங்களுக்கு மூன்று பகுதிச் செய்தி அனுப்பினால் 15,000 ரூபா. செய்தியைக் காட்டிக் கழிவு பெற வந்தோர் இருபது பேராயின், ஒருவரை வரவழைக்க 750 ரூபா. தாமே சேர்த்த 300 வாடிக்கையாளருக்கு ஒரு பகுதிச் செய்தி அனுப்ப 300 ரூபா. வந்தோர் பதினைந்து பேராயின் ஒருவருக்கு 20 ரூபா. வித்தியாசம் தெளிவாகத் தோன்றுகிறது. ஆனால் கூர்மையான முதலாளி இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்புவார்: அந்தப் பதினைந்து பேரும் செய்தி அனுப்பாதிருந்தாலும் திருவிழாவுக்கு வந்திருப்பார்களே?

நியாயமான ஆட்சேபம். இதைத் தீர்க்கப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டியதில்லை. பட்டியலில் கடைசி இலக்கம் ஒற்றையாய் உள்ளவருக்கு மாத்திரம் செய்தியை அனுப்பி, இரட்டையாய் உள்ளவரை விட்டுவிட்டு, திருவிழா முடியும்வரை பணம் கட்டும் மேசையில் ஒவ்வொருவரின் இலக்கத்தையும் கேட்டுக் கொப்பியிற் குறித்து வர வேண்டும். தீர்த்தம் முடிந்த மறுநாள் எண்ணும்போது ஒற்றையில் அறுபது பேரும் இரட்டையில் நாற்பது பேரும் வந்திருந்தால், செய்தியின் பயன் அந்த இருபது பேர். அறுபதும் ஐம்பத்தெட்டுமாயிருந்தால், அடுத்த ஆவணிக்கு அப்பணத்தில் கூட்ட நேரத்துக்கு இன்னுமொரு விற்பனைப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம்.