உங்களுக்குத் தெரியுமா? கழுவேலியின் வடகடல் பயணிகள்

கோடையில் நார்வே கடலோரத்தைக் கப்பலில் சுற்றிப் பார்க்க லட்சக்கணக்கில் செலவாகும். மரக்காணம் பக்கத்துக் கழுவேலிக்கு வரும் 'பேதை உள்ளான்' என்னும் பறவை அதே மாதிரியான வடக்குக் குளிர்நிலங்களுக்கு ஆண்டுதோறும் டிக்கெட் இல்லாமல் போய்வருகிறது!

ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரை நீளும் ஈரநிலங்கள்தான் அதன் இனப்பெருக்க வீடு. அங்கே கோடையில் ஆண் பறவைக்குக் கழுத்தைச் சுற்றி வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என்று விசிறி போன்ற இறகு முளைக்கும். மாப்பிள்ளைக் கோலம்! பெண்களைக் கவர ஆண்கள் ஒரே திடலில் கூடிச் சண்டை போடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெண்ணின் பாடு. ஆண் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

நம்மிடம் பனிக்காலத்தில் வரும்போது அந்த அலங்காரம் எதுவும் இருக்காது. வெறும் பழுப்புப் பறவை, சேற்றில் புழுவும் பூச்சியும் தேடும்.

வடக்கே ஏன் போகிறது? ஜூனில் திண்டிவனத்தில் நீண்ட பகலே சுமார் 12 மணி 50 நிமிடம்தான். நார்வேயின் வடமுனையில் அப்போது சூரியன் மறைவதே இல்லை. குஞ்சுகள் நாள் முழுக்க இரை தேடலாம், பூச்சிகளுக்கும் குறைவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தின் கழுவேலி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பார்க்க டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையே போய்விடுங்கள்.