பெயர் ஒன்று, பிறப்பு வேறு: கணினி வாங்குவோர் கவனத்திற்கு

ஊவாத் தேயிலையின் மதிப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதைத் தோட்டப் பகுதிகளில் வாழும் நம் மக்கள் நன்கு அறிவர். ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று வீசும்போது பறித்த கொழுந்தின் தூளுக்கு உள்ள மணம், மழைக்காலத்துத் தூளுக்கு இராது. தோட்டமும் ஒன்று, தொழிற்சாலையும் ஒன்று, ரகமும் ஒன்று. ஆயினும் சரக்கு வேறு. ஆகவேதான் தேயிலைப் பொதிகளின்மீது தோட்டத்தின் பெயரோடும் ரகத்தோடும் இன்வொய்ஸ் இலக்கமும் குறிக்கப்படுகிறது.

கணினியின் மூளை எனப்படும் புரொசஸருக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்பதைப் பலர் அறியார். பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் கணினித்துறையும் கற்பிக்கப்படுகிறது. அங்கோ வேறெங்கோ தம் பிள்ளை கணினி கற்க வேண்டுமென்று விரும்பும் பெற்றோர், பல மாதச் சேமிப்பைக் கொண்டு, பெரும்பாலும் பழைய கணினி ஒன்றையே வாங்குகின்றனர். கொழும்பில் வாங்கி வந்த பொருள் பிழையெனத் தெரிந்தால், அதை மாற்றப் போய்வருவதற்கே பஸ் செலவும் வேலைநாளும் வீணாகும். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

ஸ்டெப்பிங் என்பது யாது?

ஒரு புரொசஸர் விற்பனைக்கு வந்தபின் அதன் அமைப்பில் குறைகள் தெரியவரலாம். தொழிற்சாலை அவற்றைத் திருத்தி மீண்டும் வார்க்கிறது. பெயரை மட்டும் பெரும்பாலும் மாற்றுவதில்லை. இவ்வாறு திருந்தி வரும் ஒவ்வொரு வார்ப்புக்கும் ‘ஸ்டெப்பிங்’ என்று பெயர். பி.3, ஜி.0 என எழுத்தும் எண்ணும் சேர்ந்து அதைக் குறிக்கும். பொதுவாக எழுத்து மாறினால் திருத்தம் பெரிது. எண் மாத்திரம் மாறினால் சிறிது.

வகுத்தலில் வந்த வழு

இது வெறும் நுணுக்க ஆராய்ச்சி அன்று. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி 1994ஆம் ஆண்டு தம் கணக்குகளில் புதிரான பிழை தோன்றக் கண்டார். காரணத்தைத் தேடியபோது, இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் புரொசஸரே சில எண்களைத் தவறாக வகுக்கிறது என்பது புலனாயிற்று. மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம்: 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.3338 என வரவேண்டும். குறையுள்ள பென்டியமோ 1.3337 என்றது. உள்ளே பதித்திருந்த வகுத்தல் அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்ததே காரணம். முதலில் தயங்கிய நிறுவனம், அவ்வாண்டு டிசெம்பரில், கேட்டவர்க்கெல்லாம் மாற்றித் தர இசைந்தது. அதற்கென அது ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 இலட்சம் டொலர்! குறையுள்ளதற்கும் திருந்தியதற்கும் பெயர் ஒன்றே, ஸ்டெப்பிங்தான் வேறு.

ஏ.எம்.டி. நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஃபினோம் புரொசஸரின் பி.2 வார்ப்பிலும் ஒரு குறை காணப்பட்டது. அதைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு வேகத்தைக் குறைத்தது. 2008இல் திருந்திய பி.3 வார்ப்பு வந்தபோது, 9600 என்பதை 9650 என மாற்றி, வாங்குவோர்க்கு வேற்றுமையைப் பெயரிலேயே காட்டினர்.

எல்லா வேளையிலும் இவ்வாறு காட்டுவதில்லை. இன்டெலின் கோர் 2 குவாட் கியூ.6600 இதற்கு நல்ல உதாரணம். 2007இன் தொடக்கத்தில் வந்த பி.3 வார்ப்புக்குக் குறிக்கப்பட்ட வெப்ப அளவு 105 வாட். அதே ஆண்டின் நடுப்பகுதியில் வந்த ஜி.0 வார்ப்புக்கோ 95 வாட். பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. முன்னதன் மூடியில் எஸ்.எல்.9.யு.எம். என்றும், பின்னதன் மூடியில் எஸ்.எல்.ஏ.சி.ஆர். என்றும் பொறித்திருந்த குறியீடே அடையாளம்.

எங்கே பார்ப்பது?

இன்டெல் புரொசஸரின் உலோக மூடியில், எஸ் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு இருக்கும். புதுப் பெட்டியின் சீட்டிலும் அது காணப்படும். எஸ்ஸுக்குப் பதில் கியூவில் தொடங்கினால், அது சோதனைக்கென நிறுவனம் கொடுத்த மாதிரிப் பொருளாக இருக்கலாம், வாங்காதிருப்பதே நலம். ‘மலாய்’, ‘கோஸ்டா ரிக்கா’ போன்ற ஊர்ப்பெயரைக் கண்டு தரம் பேசுவோரும் உளர். அது பொருத்திச் சோதித்த நாட்டைக் காட்டுமேயன்றித் தரத்தைக் காட்டாது. மலேசியாவின் பினாங்கில் 1972 முதல் இப்பணி நடைபெற்று வருகிறது.

பழைய கணினியில் மூடியைப் பார்க்க இயலாது. அதன்மேல் விசிறியும் பசையும் மறைத்திருக்கும். பார்த்தாலும், எழுத்தைச் சுரண்டி வேறொன்றைப் பொறிக்கும் மோசடிகள் முன்னர் நிகழ்ந்ததுண்டு. ஆகையால் கணினியை இயக்கச் செய்து, அதன் வாயாலேயே கேட்பது சிறந்தது. விண்டோஸின் கட்டளைத் திரையில் ‘சிஸ்டம்இன்ஃபோ’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், ஃபமிலி, மொடல், ஸ்டெப்பிங் என்னும் மூன்றுக்கும் எண்கள் தோன்றும். மேற்சொன்ன கியூ.6600இல் ஸ்டெப்பிங் 7 என்றால் பி.3, 11 என்றால் ஜி.0. சி.பி.யு-இசட் என்னும் இலவச மென்பொருள் வார்ப்பின் பெயரையே காட்டிவிடும்.

அளவறிந்து கொள்க

வார்ப்பு ஒன்றையே பார்த்து மற்றவற்றை மறப்பதும் தகாது. சிறு குறைகள் பலவற்றை மென்பொருள் மூலமே நிறுவனங்கள் திருத்திவிடுகின்றன. மாணவர்க்குப் போதிய நினைவகமும் பழுதற்ற வட்டும் ஸ்டெப்பிங்கைவிட முக்கியமானவை. ஆனால் புரொசஸரை மட்டும் தனியே வாங்குவோர், தம்மிடமுள்ள தாய்ப்பலகை அந்த வார்ப்பை ஏற்குமா என்பதை அவசியம் விசாரிக்க வேண்டும். பழைய பலகைகள் சில, பயோஸ் புதுப்பிக்கப்படும்வரை புதிய வார்ப்பை ஏற்கமாட்டா.

மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்த்த பின்னரே விலை பேசுவார். கணினி வாங்குபவரும் குறியீட்டைக் கேட்டு, எண்ணைப் பார்த்து, அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்ட பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கட்டும். அவ்வாறு கேட்பது வணிகரை அவமதிப்பதாகாது. நேர்மையான வணிகர் தாமே முன்வந்து காட்டுவார்.