காற்றுக்கும் சேர்த்துப் போடும் பெட்ரோல்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, தேவிபட்டினம், ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் போய், அங்கிருந்து தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 165 கி.மீ. போக வர 330. ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஸ்போர்ட்ஸ் பைக்கின் டேங்க் 11 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 30 கி.மீ. என்று வைத்தால் 330 கி.மீ. ஓடலாம். காரைக்குடி பங்கில் ஒரு ஃபுல் டேங்க் அடித்துவிட்டுக் கிளம்பினால், முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டு வாசலில் வந்து இறங்கிவிடலாம் என்கிறது கணக்கு.

அந்தக் கணக்கை அப்படியே நம்பிப் போனால், திரும்பும் வழியில் ஏதாவது ஒரு கண்மாய்க்கரையில் வண்டியைத் தள்ள வேண்டிவரும். பெருக்கலில் பிழையில்லை. 30 என்ற எண்தான் சாலையில் நிலைத்து நிற்பதில்லை. "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்று வண்டியைப் பற்றிக் கேட்டுப் பழகிவிட்டோம். அதே வண்டி இன்று ஒன்று கொடுக்கும், நாளை வேறொன்று கொடுக்கும். கூட்டிக் குறைப்பதில் பெரும்பங்கு காற்றுக்கு.

வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 250 கிலோ என்று கொள்வோம். டயர் சாலையில் உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு சுமார் நாலரை கிலோ விசை. வேகம் கூடினாலும் அது அதிகம் மாறுவதில்லை. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் இருமடியாக வளர்கிறது. முகப்பு உறை உள்ள பைக்கில் ஓரளவு குனிந்து ஓட்டுபவருக்குக் கணக்கிட்டால், 60 கி.மீ. வேகத்தில் ஆறரை கிலோ, 80-ல் பதினொன்றரை, 100-ல் 18, 120-ல் 26 கிலோ என்று வருகிறது. டயரையும் சேர்த்தால் 60-ல் மொத்தம் 11 கிலோ, 120-ல் 30-க்கும் மேல். வேகம் இரண்டு மடங்கானால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

ஸ்போர்ட்ஸ் பைக்கின் வடிவம் முழுவதும் இந்த எதிரியை நினைத்து வரையப்பட்டது. கூரான முகப்பு, தாழ்ந்த கைப்பிடி, பின்னுக்குத் தள்ளிய கால்மிதி எல்லாம் ஓட்டுபவரைக் குனிய வைத்துக் காற்றில் அவர் அடைக்கும் பரப்பைக் குறைப்பதற்காகத்தான். அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, முதுகில் பெரிய பையை மாட்டி, பின்னிருக்கையில் இரண்டு பக்கமும் பெட்டி கட்டினால் அந்த வடிவத்தின் பலனில் பாதியைக் கழற்றி எறிந்த மாதிரி. சாமான் கொண்டுபோக வேண்டுமென்றால் நம் முதுகுக்குப் பின்னால், தோளகலத்தைத் தாண்டாமல் கட்டுவது நல்லது.

இஞ்சின் பக்கமும் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஆர்ஆர் 310 வந்தபோது, அதாவது 2017 டிசம்பரில், அதன் திறன் 34 குதிரைத்திறன். 80 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் ஓட, சக்கரத்துக்குத் தேவைப்படுவது ஐந்து குதிரைகூட இல்லை. மிச்சத் திறன் சும்மா இருந்துவிட்டால் கவலையில்லை. அது சும்மா இருப்பதில்லை. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாகத் திருகும்போது காற்று உள்ளே போகும் வாய் முக்கால்வாசி மூடியே இருக்கிறது. அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே இஞ்சின் பெட்ரோலைச் செலவழிக்கிறது. நான்காவது கியரில் அதிகச் சுழற்சியில் இரைந்துகொண்டு போனால் இந்த வீண்செலவு கூடும். அதே வேகத்தில், இஞ்சின் திணறாத வரை, ஆறாவது கியருக்குப் போய்விட்டால் குறையும். ஸ்போர்ட்ஸ் பைக்குக்குச் சிக்கனம் தெரியாது என்ற பேச்சு முழு உண்மையில்லை. 60 முதல் 80 வரை மேல் கியரில் சீராக ஓட்டினால் நன்றாகவே கொடுக்கும். இந்தியாவில் நான்குவழிச் சாலையில்கூட இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-ல் வைத்த உச்சவரம்பு 80 கி.மீ.தான். சட்டமும் பெட்ரோலும் இதில் ஒரே பக்கம் நிற்கின்றன.

பிரேக்கிலும் பெட்ரோல் போகிறது. 80-ல் வந்து ஊருக்கு ஊர் வேகத்தடையில் நின்று, மறுபடி 80 பிடிக்க ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 மில்லி செலவு. நூறு தடவை அப்படிச் செய்தால் ஒரு லிட்டர் பிரேக் வட்டில் வெறும் சூடாகிப் போகும். தடை கண்ணில் பட்டதும் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு வண்டியைத் தானாக உருண்டு தணியவிட்டால் அதில் பெரும்பகுதியைச் சேமிக்கலாம்.

இனிக் காற்று வீசும் திசைக்கு வருவோம். இந்தச் சாலையில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை ஏறக்குறைய நேர் தெற்கு. அங்கிருந்து கிழக்கே திரும்பி மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று இந்தக் கரையில் ஓயாமல் வீசும். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். பக்கத்திலேயே, 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் பைக்கில் போகிறவருக்கு அந்தக் காற்றின் கை தோளில் படும்.

கிழக்கே திரும்பியதும் அந்தக் காற்று முதுகுப் பக்கம் வந்துவிடும். முதுகுக்குப் பின்னால் 20 கி.மீ. காற்று இருக்கும்போது 80-ல் ஓட்டினால், உடல் உணரும் காற்று வெறும் 60. மொத்த எதிர்ப்பு 16 கிலோவிலிருந்து 11-ஆக இறங்கிவிடுகிறது. வண்டி மிதந்து போவது போலிருக்கும். மீட்டரில் மைலேஜ் ஏறிக்கொண்டே வரும். அரிச்சல்முனையில் இறங்கிப் பார்த்தால், மீதிப் பெட்ரோலில் இன்னும் இத்தனை கி.மீ. ஓடும் என்று திரை தாராளமாகச் சொல்லும். அந்த எண்ணைத்தான் நம்பக்கூடாது. கடந்த சில கிலோமீட்டரில் ஆன செலவை வைத்து அது சொல்கிறது. இனி வண்டியைத் திருப்பினால் அதே காற்று நெஞ்சில் அடிக்கப்போவது அதற்குத் தெரியாது. 80-ல் வருகிறவர் 100-க்கான எதிர்ப்பைத் தள்ள வேண்டும்; 22 கிலோவுக்கும் மேல், போனபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு. பாரம் கூடும்போது இஞ்சின் கொஞ்சம் திறமையாக வேலை செய்வதால் பெட்ரோல் அப்படியே இரட்டிப்பாகாது. ஆனாலும் போகும்போது 33 கொடுத்த வண்டி வரும்போது 23-க்கு இறங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

போகையில் லாபம், வருகையில் நட்டம், இரண்டும் சரியாகிவிடும் என்று தோன்றும். சரியாவதில்லை. பின்காற்றில் மிச்சமானது ஐந்து கிலோ விசை, எதிர்காற்றில் இழந்தது ஆறரை. இருமடியாக வளரும் எதற்கும் இந்தக் குணம் உண்டு: ஏற்றம் எப்போதும் இறக்கத்தைவிடச் செங்குத்து. காற்றடிக்கும் நாளில் சுற்றுப்பயணம் எப்போதுமே கூடுதல் பெட்ரோல் கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது கதை தலைகீழ். போகும்போது செலவு, வரும்போது மிச்சம். இது பரவாயில்லை, கெட்ட செய்தி முதலிலேயே வந்துவிடுகிறது.

அடுத்து டேங்க். 11 லிட்டர் என்றால் அந்த 11-ம் நம் கணக்கில் சேராது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ரிசர்வ் குமிழ் இருந்தது. டேங்குக்குள் ஒரு குழாய் உயரமாகவும் இன்னொன்று அடிமட்டத்திலும் இருக்கும். உயரமான குழாய் வற்றி வண்டி இருமியதும் குமிழைத் திருப்பினால் அடிக்குழாய் திறக்கும். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அந்த இருமல் இல்லை. டேங்குக்குள் மிதவை ஒன்று ஏறி இறங்கி மின்தடையை மாற்ற, மீட்டரில் கட்டங்கள் குறைகின்றன. ஸ்போர்ட்ஸ் பைக் டேங்கின் மேற்பகுதி அகலம். கீழே போகப் போகக் குறுகும். அதனால் முதல் பாதி மெதுவாகவும் பின்பாதி சடசடவென்றும் இறங்குவது போலத் தெரியும். பெட்ரோல் பம்ப்பும் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. அடிக்கடி வற்றும்வரை ஓட்டினால் பம்ப்பின் ஆயுள் குறையும். இரண்டு லிட்டரை இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒன்பதில் திட்டமிடுவதே சரி. நிரப்பும்போது வண்டியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பக்க ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் நிறைந்தது போலக் காட்டிவிட்டுக் கொஞ்சம் குறைவாகவே வாங்கும். கழுத்து வரைக்கும் ஊற்றவும் கூடாது. வெயிலில் 15 டிகிரி சூடேறினால் 11 லிட்டர் பெட்ரோல் சுமார் 150 மில்லி விரியும்.

அந்தப் பெட்ரோலும் மாறியிருக்கிறது. இப்போது பங்குகளில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர், எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். கலவையின் மொத்த ஆற்றல் ஆறேழு சதவீதம் குறைகிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம் என்பதால், அதற்கேற்ப வடிவமைத்த இஞ்சின் அதில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும். பழைய இருசக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. சில வருடங்களுக்கு முன் எழுதிவைத்த மைலேஜ் கணக்கை வைத்து இன்று நீண்ட பயணத்துக்குத் திட்டமிட வேண்டாம்.

எரிபொருளைத் தேடித் திட்டமிடுவது இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. 1912-ல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அரிதானபோது, கரியை எரித்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியைத் தயாரித்து 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற பெயரில் கொண்டுவந்தார். போதாத காற்றில் கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுதான் அந்த எரிபொருள். இழுவை குறைவு, ஆனால் பஸ் நிற்கவில்லை. அவர் தொடங்கிய குழுமத்தின் பெயரைத் தாங்கிய நிறுவனம்தான் இன்று ஓசூரில் ஆர்ஆர் 310-ஐச் செய்கிறது.

பெட்ரோல் எவ்வளவு செறிவான பொருள் என்பதைக் காரைக்குடியில் இருக்கும் மின்வேதியியல் ஆய்வகத்தில் கேட்டால் சொல்வார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிலையம் அது. அங்கே லித்தியம் மின்கலங்களை ஆராய்கிறார்கள். 11 லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருப்பது சுமார் 97 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல். அதில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது, மீதி சூடாகிறது. மின்சார பைக்கில் பத்து யூனிட் இருந்தாலே பெரிய பேட்டரி. ஆனால் அதில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போய்விடும். வீணாக்க அங்கே இடமில்லாததால், காற்றின் ஒவ்வொரு கிலோ எதிர்ப்பும் அந்த வண்டியில் உடனே தெரியும்.

அரிச்சல்முனைக்கு ஆடியில் போகிறவருக்கு என் திட்டம் இது. காரைக்குடியில் ஃபுல். 90 கி.மீ. தள்ளி ராமநாதபுரத்தில், மூன்று லிட்டர்தான் குறைந்திருந்தாலும், மறுபடி ஃபுல். அங்கிருந்து முனைக்கு 75 கி.மீ. பின்காற்றில் இரண்டேகால் லிட்டர், திரும்பி ராமநாதபுரம் வர எதிர்காற்றில் மூன்றேகால், அங்கிருந்து காரைக்குடிக்கு மூன்று. கூட்டினால் எட்டரை. ஒன்பதுக்குள் அடங்குகிறது, அடியில் இரண்டு லிட்டர் தொடாமல் இருக்கிறது. ராமநாதபுரத்தில் நிற்காமல் போனால், முனையிலிருந்து அதே ஊருக்குத் திரும்பி வருவதற்குள்ளேயே அந்த எட்டரை தீர்ந்திருக்கும். காரைக்குடிக்கு இன்னும் 90 கி.மீ. பாக்கி.