கல்லுக்குள் ஓர் இறால்

கரையேற்றிய படகின் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை வெள்ளையாய்ச் சின்னக் கூம்புகள் மொய்த்திருக்கும். அதுதான் கொட்டலசு, ஆங்கிலத்தில் பார்னக்கிள். அது ஏறினால் படகு இழுக்கும், டீசல் கூடும். அதைச் சுரண்டுவதுதான் தூத்துக்குடியில் என் அப்பாவுக்கு வேலை. லீவு நாளில் நானும் போவேன். ஓரம் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும்.

"என்ன கல்லுப்பா இது?" என்றேன் ஒருநாள்.

"கல்லு இல்லலே, உசிரு" என்றார். நான் சிரித்துவிட்டேன். லைப்ரரியில் ஒரு விலங்கியல் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான், சிரித்திருக்கக் கூடாது என்று தெரிந்தது.

பார்வைக்குச் சிப்பி மாதிரி இருந்தாலும் இது இறால், நண்டுக்குச் சொந்தம். விஞ்ஞானிகளே சிப்பி வகையில்தான் சேர்த்திருந்தார்கள். 1830-ல் ஜான் வாகன் தாம்சன் இதன் குஞ்சுகளைக் கவனித்து உண்மையைச் சொன்னார். டார்வின் 1846 முதல் எட்டு வருஷம் இதையே ஆராய்ந்தார்.

குஞ்சு நன்றாக நீந்தும். கடைசிப் பருவத்தில் மட்டும் சாப்பாடே கிடையாது. சேர்த்து வைத்த கொழுப்பு தீர்வதற்குள் பாறையோ, தூணோ, படகோ தொட்டுத் தொட்டுப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும். தலைப்பக்கத்தை ஒட்டிக்கொண்டால் அப்புறம் ஆயுசுக்கும் டிரான்ஸ்பர் இல்லை!

சுற்றிலும் சுண்ணாம்புத் தகடுகளால் சுவர் எழுப்பும். மேலே திறந்து மூடும் கதவு. தண்ணீர் ஏறும்போது கதவைத் திறந்து, மயிரடர்ந்த ஆறு ஜோடிக் கால்களை வலை போல வீசி, மிதக்கும் நுண்ணுயிர்களை வாரி வாய்க்குத் தள்ளும். தண்ணீர் வற்றினால் கதவைச் சாத்தி உள்ளே ஈரத்தைக் காப்பாற்றும்.

நமக்கு ஒர்க்‌ஷாப்பில் பசை போடுமுன் பரப்பை நன்றாகத் துடைத்துக் காயவைக்கச் சொல்கிறார்கள். இதுவோ கடலுக்குள்ளேயே ஒட்டுகிறது! முதலில் எண்ணெய் போன்ற ஒன்றை விட்டுத் தண்ணீரை ஒதுக்கும். பிறகு புரதப் பசையால் பிடிக்கும். இந்த வித்தையைப் பார்த்து, 2021-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ரத்தக்கசிவை நிறுத்தும் பசை ஒன்றைச் செய்தார்கள்.

இதையெல்லாம் ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். கையிலிருந்த கீறலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கதவைச் சாத்திக்கிட்டா வெயில்லயும் லேசுல சாகாதுலே, அது எனக்குத் தெரியும். தலைகீழா நிக்குதுங்கிறது இப்பத்தான் தெரியும்."

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு நான் சொன்ன முதல் பாடம் இது. அதன் முதல் வரியைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.