கூலி ஒரு நாள், குழந்தை ஓர் ஆயுள்

ராசிங்காபுரத்திலே விடியுமுன் ஜீப்புகள் உறுமுகின்றன. ஏலக்காட்டு வேலைக்குப் போகும் தாய், உறங்கும் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு மலையேறுகிறாள். அந்தப் பிள்ளை சிறுநீர் கழிக்க முக்கி அழுகிறது. "சூடு" என்கிறாள் பாட்டி. வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கிறாள். நாட்கள் நகர்கின்றன, அழுகை நிற்கவில்லை.

சாதாரணத் தொல்லையாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அரிதாக, இடுப்புக்கூட்டுக்குள்ளே, மூத்திரப்பையை ஒட்டிய மெல்லிய சதையிலே புற்றுக்கட்டி முளைக்கிறது. ராப்டோமயோசார்கோமா என்பது அதற்கு மருத்துவர்கள் தந்த பெயர். சிறு குழந்தைகளையே அது அதிகம் தாக்குகிறது.

பச்சைப் பிள்ளைக்குமா புற்றுநோய் என்று கேட்பீர்கள். ஆம், தோழர்களே! முன்வினையல்ல, தலைவிதியல்ல, உயிரணு வளர்ச்சியிலே நேரும் பிழை அது!

சிறுநீர் அடைப்பு, சிறுநீரில் ரத்தம், தீராத மலச்சிக்கல், அடிவயிற்றில் கட்டி: இவற்றில் ஒன்று கண்டாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முதலில் ஸ்கேன், பிறகு சதைத்துணுக்கு எடுத்துச் சோதனை. கத்தி பட்டால் பரவும் என்பது வீண் அச்சம். துணுக்கைப் பார்க்காமல் கட்டியின் இனம் தெரியாது. இனம் தெரியாமல் மருந்து இல்லை.

முன்பெல்லாம் மூத்திரப்பையையே அறுத்தெடுத்தார்கள். இன்றோ மருந்தால் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவையோ கதிர்வீச்சோ தருகிறார்கள். பலருக்குப் பை தப்புகிறது. வசதியுள்ள நாடுகளில், பரவுமுன் கண்டறியப்பட்ட பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர் அளவில் பிழைக்கிறார்கள்.

இங்கும் வழியுண்டு. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1960இல் குழந்தைகளுக்கென அங்கே தனிப்பிரிவு கண்டார்கள். 2009இல் கலைஞர் ஆட்சி, ஏழைக்கு உயிர்காக்கும் காப்பீட்டைத் தந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமாக அது இன்றும் தொடர்கிறது.

ஆனால் மருத்துவம் மாதக்கணக்கில் நடக்கும். மருந்துக்குக் காப்பீடு உண்டு, அடுப்புக்கு? கட்டி சுருங்கியதும் "குணமாகிவிட்டது" என்று பாதியிலே திரும்புகிறார்களே, அது அறியாமை மட்டுமா? வீட்டிலே பசி இழுக்கிறது! பாதியில் விட்ட நோய் மீண்டும் வரும், வேகமாக வரும்.

ஆகவே நாம் கேட்கிறோம்: பிள்ளையோடு மருத்துவமனையில் கிடக்கும் தாய்க்கு, இழந்த கூலிக்கு ஈடு வேண்டும். அரசு யாருடையதானாலும் கேட்போம். உரிமையோடு கேட்போம்.

அதுவரை கிளைத் தோழர்களே, கொடிக்கம்பம் நடுவதோடு கடமை முடிந்ததா? அழும் பிள்ளையைப் போடி அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து தேனி மருத்துவக் கல்லூரிக்கும் அழைத்துச் செல்லுங்கள். காப்பீட்டு அட்டை எடுத்துக் கொடுங்கள். அந்த வீட்டு அடுப்பு அணையாமல் பாருங்கள். அதுவும் கட்சிப் பணிதான்!