ஜாவா நிரலில் எழுத்துச்சரமும் எண்ணிட்ட மதிப்பும்: சொல்வகை ஒப்பீட்டை முன்வைத்து

தமிழ்த் தரவகம் ஒன்றில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பெயர்ச்சொல், வினைச்சொல், இடைச்சொல், உரிச்சொல் என வகை குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். கோப்பில் அக்குறிப்பு வெறும் எழுத்துச்சரம். அதனைக் கணக்கிடும் ஜாவா நிரலில் இந்நான்கையும் ‘சொல்வகை’ என்னும் எண்ணிட்ட வகையின் மாறிலிகளாக அறிவிப்பது தக்கது. 2004இல் வெளிவந்த ஜாவா 5 இவ்வசதியை அளித்தது. மாறிலிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயரிடவும் ஜாவா இடந்தருகிறது. கோப்பிலுள்ள சரம் எந்த மாறிலியைச் சுட்டுகிறது என்று பிழையின்றி அறிவதே சிக்கல்.

சரங்களை ஒப்பிட இரட்டைச் சமக்குறி ஆகாது, ‘ஈக்வல்ஸ்’ செயற்கூறே வேண்டும் என்பது ஜாவா கற்போர் தொடக்கத்திலேயே பெறும் பாடம். எண்ணிட்ட வகையில் நிலைமை வேறு. ஒவ்வொரு மாறிலிக்கும் ஒரே உருப்படிதான் உண்டு; ஆதலின் இரு மாறிலிகளை ஒப்பிட இரட்டைச் சமக்குறியே போதும். மாறிலியோடு சரத்தை அக்குறியால் ஒப்பிட முயன்றால் தொகுப்பி அவ்வரியை ஏற்காது. ‘ஈக்வல்ஸ்’ எதனையும் ஏற்கும். எனவே வரி தொகுக்கப்பட்டு, எப்போதும் ‘பொய்’ என்றே விடை தரும்.

மாறிலியைச் சரமாக்கி ஒப்பிடலாம். அதற்கு ‘நேம்’ செயற்கூறே உரியது. ‘டூஸ்ட்ரிங்’ தரும் விடையை நிரலர் மாற்றி எழுத இயலும். எனினும் சரத்தை மாறிலியாக்கும் ‘வேல்யூஆஃப்’ இதனினும் சிறந்தது. பொருந்தாத சரம் வந்தால் அது விதிவிலக்கை எழுப்பி நிரலை நிறுத்தும். ஈற்றில் ஓர் இடைவெளி மிகினும் ஏற்காது.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. ஆங்கிலக் குறிப்புகளில் எழும் அத்தொல்லை இங்கில்லை. அதனிடத்தில் வேறொன்று உண்டு. ‘சொ’ என்பதன் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ‘பெயர்ச்சொல்’ முதல் முறையில் 11 குறியெண்கள், இரண்டாவதில் 12. ஜாவாவுக்கு இவை வெவ்வேறு சரங்கள். நான்கு சொல்வகைப் பெயர்களும் ‘சொல்’ என்றே முடிவதால் நான்குமே இதற்கு உட்படும்.

பலர் உள்ளிட்ட தரவகத்தில் இரு வடிவமும் கலந்திருந்தால், ‘ஈக்வல்ஸ்’ கொண்டு எண்ணும் நிரல் ஒரு பகுதியை ஓசையின்றி விட்டுவிடும். விடை சுழியமாக வந்தால் ஐயம் எழும். சற்றே குறைந்த எண்ணிக்கை ஐயமின்றி ஆய்வேட்டின் அட்டவணையில் ஏறிவிடும். விதிவிலக்கைப் பிடித்து அத்தகைய சொற்களைப் ‘பிற’ என்னும் தொகுதியில் இடுவதும் இதே தீங்கை விளைக்கும்.

ஆகவே கோப்பிலிருந்து படித்த இடத்திலேயே சரத்தின் ஓர இடைவெளிகளை நீக்கி, ‘நார்மலைசர்’ வகுப்பின் துணையால் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றவேண்டும். மாறிலிப் பெயர்களையும் அவ்வாறே சீராக்கி, பெயருக்கு மாறிலி காட்டும் பட்டியலை ஒருமுறை அமைத்துக்கொண்டு அதில் தேடவேண்டும். பட்டியலில் இல்லாத சரம் எதிர்ப்பட்டால், கோப்பின் வரி எண்ணோடு அறிவித்து நிரல் நிற்கவேண்டும். அதன்பின் நிரலின் எப்பகுதியிலும் சரம் வேண்டியதில்லை, மாறிலிகளே ஒப்பிடப்படும்.