தோள் இறுகினால், கால் இழுத்தால்...

கையைத் தூக்க விடாத தோள்பட்டை இறுக்கம், முழங்கால் தேய்மானம், இடுப்பிலிருந்து பாதம்வரை இழுக்கும் சயாட்டிகா, கழுத்து வலி, குதிகால் வலி, முகவாதம், பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் செயலிழப்பு ஆகியவற்றுக்காகத்தான் பெரும்பாலோர் பிசியோதெரபிக்கு வருகிறார்கள். சிலவற்றில் தசை, சிலவற்றில் மூட்டு, சிலவற்றில் நரம்பு பழுதாகிறது. எதுவானாலும் சிகிச்சை முக்கியமாக நம்பியிருப்பது அசைவை.

தோள்பட்டை இறுக்கம் 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வருகிறது. நீரிழிவு உள்ளவர்களை இன்னும் அதிகமாகத் தாக்குகிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதே கோளாறு. ‘உறைந்த தோள்’ என்று 1934இல் இதற்குப் பெயர் வைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். தலை பின்ன, ஜாக்கெட் கொக்கி போட, பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க முடியாமல் போகும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்வார் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). நோயாளியால் முடியாததை அவரே பிடித்துத் திருப்பினாலும் கை பாதியில் நின்றுவிடும். தசைநார் கிழிந்த தோளாக இருந்தால், பெரும்பாலும் பிறர் உதவியோடு கை நகர்ந்துவிடும்.

முதல் சில மாதங்கள் வலி, அடுத்து இறுக்கம், பிறகு மெல்லத் தளர்வு என்று இது ஒன்றிரண்டு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது கையை வலுக்கட்டாயமாக இழுத்தால் நிலைமை மோசமாகும். அந்தக் கட்டத்தில், நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து மறு கையைத் தொங்கவிட்டு ஆட்டுவதே போதும். சுவரில் விரல்களால் படிப்படியாக மேலேறும் பயிற்சி, வலி தணிந்த பின்புதான்.

முழங்கால் தேய்மானத்தைப் பொறுத்தவரை, நடந்தால் மேலும் தேயும் என்ற பயம்தான் பெரிய தடை. நடக்காத காலில் தொடையின் முன்தசை மெலிகிறது; சுமை முழுக்க மூட்டின் மேல் இறங்குகிறது. அந்தத் தசையை வலுவாக்குவதும் எடையைக் குறைப்பதும் வலியைக் கணிசமாகக் குறைக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் வலியின் அளவும் பல நேரம் பொருந்துவதில்லை என்பதால், படத்தைப் பார்த்தே மனம் விட்டுவிடத் தேவையில்லை.

‘ஜவ்வு விலகிவிட்டது’ என்று சொல்லப்படும் டிஸ்க் பிதுக்கம் பெரும்பாலும் முதுகெலும்பின் அடிப்பகுதி முள்ளெலும்புகளுக்கு இடையில் ஏற்படுகிறது. நரம்பு வேர் அழுந்தி, பிட்டத்திலிருந்து கால்வரை மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கும். வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்கச் சொன்ன காலம் போய்விட்டது. இன்று ஓரிரு நாளிலேயே நடக்கச் சொல்கிறார்கள். நியூசிலாந்தில் 1956இல் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சியின் நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்தார். சில நிமிடங்களில் அவரது கால் வலி போயிருந்தது. பலருக்குப் பலன் தரும் ‘முதுகைப் பின்வளைக்கும் பயிற்சி’ அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆனால், எல்லோருக்கும் அது ஒத்துவராது. பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே சில வாரங்களில் குணம் தெரியும். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போனாலோ அது பயிற்சி செய்யும் நேரமல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முகவாதத்திலும் முதலில் பார்க்க வேண்டியவர் மருத்துவர்தான். நெற்றியைச் சுருக்க முடிந்து வாய் மட்டும் கோணியிருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். முகநரம்பு மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. மூட முடியாத கண்ணைக் காய விடக் கூடாது. கண்ணாடி முன் செய்யும் முகப்பயிற்சி அதற்குப் பிறகு.

‘கரன்ட் வைப்பது’, ‘லைட் வைப்பது’ என்று மக்கள் சொல்லும் மின், வெப்பச் சிகிச்சைகள் சிலருக்குத் தற்காலிகமாக வலியைத் தணிக்கும். தசையை வலுவாக்கும் பயிற்சிக்கு ஈடாகாது. நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதத்தில் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகவும் கூடும். பத்து நாள் கரன்ட் வைக்கப் போகிறவர்கள், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளையும் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.